வீல் ஸ்பீட் சென்சார் வயரிங்: பவர், எர்த் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது. சக்கரத்தின் வேகத்தை அதற்குச் சொல்வதுதான் வீல் ஸ்பீட் சென்சார். அப்போது வாங்கிய கார்கள் உத்தரவாதக் காலம் முடிந்து இப்போது தெருமுனைப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. எலி கடித்த வயர், பச்சை பிடித்த கனெக்டர், பேரிங் மாற்றிய மறுநாள் எரியும் மஞ்சள் விளக்கு என்று ஆளுக்கொரு கதையோடு வருகிறார்கள். ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை என்பதால் முதல் ஐந்து கேள்விகளைத் தாண்டிக் குதிக்காமல் படிப்பது நல்லது.

சென்சாரில் இரண்டே வயர்தான் வருகிறது. பவர் ஒன்று, எர்த் ஒன்று என்றால் சிக்னல் எந்த வழியாகப் போகிறது?

அதே இரண்டு வயரில்தான் சிக்னலும் போகிறது. ஏபிஎஸ் யூனிட் (ஏபிஎஸ்ஸை இயக்கும் மின்னணுப் பெட்டி) ஒரு வயரில் மின்சாரம் அனுப்புகிறது. அது சென்சாருக்குள் புகுந்து மற்ற வயர் வழியாக யூனிட்டுக்கே திரும்புகிறது. சக்கரம் சுழலும்போது சென்சார் தான் இழுக்கும் மின்னோட்டத்தை 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாற்றிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் யூனிட் எண்ணுகிறது.

இரண்டாவது வயர் காரின் பாடியை எங்கும் தொடுவதில்லை. அதை எர்த் என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதி வேலைகள் கெடுகின்றன. இந்தப் பக்கம் முழுவதும் அதைத் ‘திரும்பும் வயர்’ என்றே சொல்லப் போகிறேன்.

அண்ணா, பழைய வகை, புதிய வகை என்று இரண்டு சொல்கிறார்களே? இரண்டுக்குமே இரண்டு வயர்தானே?

ஆமாம், வயரை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. 1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் வரிசைக் கார்களில் வந்தபோது இருந்தது காயில் வகை. காந்தத்தின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். எதிரே இரும்புப் பல் சக்கரம் சுழன்றால் அதுவே ஏசி மின்னழுத்தத்தை உண்டாக்கும். பவர் சப்ளை என்ற பேச்சே இல்லை. ஆனால் சக்கரம் மிக மெதுவாகப் போகும்போது சிக்னல் வலுவிழந்து காணாமல் போய்விடும்.

அடுத்து வந்தது உள்ளே ஹால் சில்லு (காந்தத்தை உணரும் சில்லு) அல்லது காந்தத்துக்கு ஏற்பத் தடை மாறும் சில்லு வைத்த ஆக்டிவ் வகை. இதற்கு பவர் வேண்டும். மாறாக, சக்கரம் நகர்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மெதுவாகப் போனாலும் சொல்லிவிடும். வீல் பேரிங்கின் ஓரத்தில் பல் எதுவும் இல்லாமல் கறுப்பாக, மழமழவென்று ஒரு சீல் தெரிந்தால் அது காந்த வளையம். ஆக்டிவ் வகை என்று முடிவு செய்துவிடலாம். பல் சக்கரம் இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது நான்காவது கேள்வியில் வரும் மீட்டர் சோதனைதான் வழி.

இந்த பவர் எந்த பியூஸிலிருந்து வருகிறது? பியூஸ் பெட்டியில் சென்சார் என்று ஒன்றும் எழுதவில்லையே?

எழுதியிருக்காது. சென்சாருக்கென்று தனி பியூஸ் கிடையாது. பேட்டரியிலிருந்து ஏபிஎஸ் யூனிட்டுக்கு மோட்டாருக்காக ஒன்று, வால்வுகளுக்காக ஒன்று எனப் பெரிய பியூஸ்களும், சாவி ஆன் செய்தால் உயிர் பெறும் சிறிய பியூஸ் ஒன்றும் இருக்கும். யூனிட் விழித்த பிறகு, நான்கு சென்சார்களுக்கும் அதுவே உள்ளிருந்து மின்சாரம் கொடுக்கிறது. எனவே ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் பவர் இல்லையென்றால் பியூஸைக் கழற்றிப் பார்ப்பது நேர விரயம்.

கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் எத்தனை வோல்ட் காட்ட வேண்டும்? ஒருவர் 5 என்கிறார், ஒருவர் 12 என்கிறார்.

ஆக்டிவ் வகையில் பெரும்பாலான கார்களில் பேட்டரி மின்னழுத்தமோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ வரும். அதைவிடக் குறைந்த மின்னழுத்தம் கொடுக்கும் யூனிட்களும் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அதே காரில் பழுதில்லாத எதிர்ப்பக்கச் சக்கரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். புத்தகத்தைவிட நம்பகமான ஆதாரம் அதுதான். காயில் வகையிலும் மீட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயர் அறுந்திருக்கிறதா என்று கண்காணிப்பதற்காகச் சில யூனிட்கள் இரண்டரை வோல்ட் போல ஒரு சிறிய டிசி அழுத்தத்தை அதன் மேல் வைத்திருக்கும்.

அளக்கும் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்சார் கழன்றிருப்பதைக் கண்டதும் சில யூனிட்கள் அந்தச் சக்கரத்துக்கான சப்ளையை நிறுத்திவிடும். சாவியை ஆன் செய்துவிட்டு, நிதானமாகக் கீழே படுத்து, மீட்டரைத் தேடி எடுத்து வைத்தால் பூஜ்யம்தான் காட்டும். பிறகு நல்ல வயரைப் பிரித்துப் போட்டுவிடுவீர்கள். சாவி ஆஃபில் இருக்கும்போதே கனெக்டரைக் கழற்றி, யூனிட்டிலிருந்து வரும் பக்கத்தின் இரண்டு பின்களிலும் மீட்டரைப் பொருத்திவிட்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். முதல் சில நொடிகளில் தெரிவதுதான் உண்மை.

பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை இங்கே நீட்டவே கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் சென்சார் இழுப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இரண்டாவது வயர் அறுந்துவிட்டது. உள்ளே தேடுவதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் போல்ட்டில் பாடி எர்த் கொடுத்துவிட்டால் என்ன?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். மிக அதிகமாகக் கெடுக்கப்படும் வேலையும் இதுதான். திரும்பும் வயர் யூனிட்டுக்குள் போய் ஏறத்தாழ 100 ஓம் உள்ள ஒரு சிறிய தடையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மில்லி ஆம்பியர் வந்தால் அதன் குறுக்கே 0.7 வோல்ட், 14 வந்தால் 1.4 வோல்ட். யூனிட் பார்ப்பது அதைத்தான். அந்த வயரை போல்ட்டில் கட்டினால் மின்னோட்டம் தடையை எட்டாமலே பேட்டரிக்குப் போய்விடும். சென்சார் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். யூனிட்டுக்கு ஒன்றுமே தெரியாது. பில்லைக் கல்லாப் பெட்டிக்கு அனுப்பாமல் பின்வாசல் வழியாகவே வாடிக்கையாளரை அனுப்பிவிடுவது போல.

சில யூனிட்கள் சப்ளை கொடுக்கும் பக்கத்திலேயே மின்னோட்டத்தை அளக்கும். அந்தக் கார்களில் பாடி எர்த் கொடுத்தால் விளக்கு அணைந்துவிடக்கூடும். “நான் செய்து பார்த்தேன், வேலை செய்கிறதே” என்று சிலர் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஏபிஎஸ் பம்ப் ஓடும் நேரத்தில் பாடியின் பல இடங்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு வரும். சென்சாரின் துல்லியம் மிக அதிகம் தேவைப்படும் நேரமும் அதுவே. யூனிட்டுக்குப் போகும் பின் வரை அறுந்த வயரைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

சென்சாரின் குறுக்கே ஓம்ஸ் பார்த்தேன். முடிவிலி காட்டுகிறது. சென்சார் போய்விட்டதா?

காயில் வகையாக இருந்தால் போய்விட்டது. நல்ல காயில் பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரை காட்டும். மீட்டரை ஏசிக்கு மாற்றிச் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றினால் சில நூறு மில்லி வோல்ட் எழும்ப வேண்டும்.

ஆக்டிவ் வகையில் ஓம்ஸ் அளப்பதற்கு அர்த்தமே இல்லை. உள்ளே இருப்பது மின்னணுச் சில்லு. மீட்டரின் மின்னழுத்தத்தைப் பொறுத்து அது பல மெகா ஓம் காட்டலாம், ஒன்றுமே காட்டாமலும் இருக்கலாம். நல்ல சென்சார்கள் பல இந்த ஒரு சோதனையால்தான் குப்பைக்குப் போகின்றன.

பிறகு எப்படித்தான் சோதிப்பது? ஸ்கோப் எல்லாம் எங்களிடம் இல்லை.

ஸ்கோப் (சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி, அரை வாட் தாங்கும் 100 ஓம் தடை ஒன்று, சாதாரண மீட்டர் போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து சென்சாரின் சப்ளை பின்னுக்கு ஒரு வயர். மற்றப் பின்னிலிருந்து 100 ஓம் தடை வழியாக பேட்டரி நெகட்டிவுக்கு. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துத் தடையின் இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். 0.7 அல்லது 1.4, இரண்டில் ஒன்றுக்கு அருகில் நிற்க வேண்டும்.

இப்போது சென்சாரின் முகத்துக்கு முன்னால் காந்தத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, பின் அதன் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். மீட்டர் 0.7-லிருந்து 1.4-க்குத் தாவினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. இரும்புப் பல் சக்கரத்துக்காகச் செய்த சென்சாராக இருந்தால் உள்ளேயே காந்தம் இருக்கும். அதற்கு ஸ்க்ரூடிரைவர் நுனியை முன்னால் அசைத்தாலே போதும். தடை கொதித்தால் உடனே கழற்றிவிடுங்கள்: சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. தடையே இல்லாமல் நேராகக் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அடுத்த கேள்வி.

பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டேன். எரிந்திருக்குமா?

காயில் வகையில் ஒன்றும் ஆகாது. யூனிட் எண்ணுவது ஏசி அலைகளை. ஆக்டிவ் வகையில், காரிலேயே மாறியிருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் பல யூனிட்கள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நேரடியாக பேட்டரியில் மாற்றிக் கொடுத்திருந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம். சரியாக மாற்றிவிட்டு மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள், ஊகிப்பதற்கு ஒன்றுமில்லை.

எலி கடித்துவிட்டது. இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

கடி எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். வீல் ஆர்ச்சின் ரப்பர் குரோமெட்டிலிருந்து (வயர் பாடிக்குள் நுழையும் துளையில் உள்ள ரப்பர் வளையம்) சென்சார் வரை உள்ள பகுதி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டீயரிங்கின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வளைந்து கொடுக்கிறது. அங்கே எந்த இணைப்பும் நிலைக்காது. சால்டர் செய்தால் இன்னும் மோசம்: ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், அது முடியும் விளிம்பிலேயே வயர் ஒடியும். அந்தப் பகுதி சென்சாரோடு சேர்ந்தே வருவதால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

குரோமெட்டுக்கு உட்புறம் கடித்திருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பழைய வயரின் அதே கனம், பெரும்பாலும் 0.35 அல்லது 0.5 சதுர மி.மீ. கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, சூடேற்றும்போது இரண்டு ஓரங்களிலும் பசை பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். பிதுங்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகும். இரண்டு வயரின் இணைப்புகளும் அருகருகே வராமல் நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். வெயிலில் டேப் கொழகொழத்துப் பிரிந்துவிடும். மழைக்காலத்தில் அந்தக் கார் அடுத்த கேள்வியோடு திரும்பி வரும்.

வெயில் நாளில் ஒரு தொல்லையும் இல்லை. மழை பெய்தால் ஏபிஎஸ் விளக்கு வந்துவிடுகிறது. எர்த் சரியில்லை என்கிறார் மெக்கானிக். சரியா?

பெரும்பாலும் தவறு. எர்த்தோ பின்னோ சரியாகப் பிடிக்காவிட்டால் பாதையில் தடை கூடும். ஆக்டிவ் வகை அதை நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். 100 ஓம் கூடுதலாக வந்தால்கூட 14 மில்லி ஆம்பியரில் இழப்பு 1.4 வோல்ட்தான், சென்சாருக்கு ஏறத்தாழ நான்கரை வோல்ட் கிடைத்தாலே வேலை செய்யும்.

அது பொறுக்காதது கசிவு. கனெக்டருக்குள் உப்பும் சேறும் கலந்த ஈரம் இரண்டு பின்களுக்கும் பாலம் போட்டுவிடுகிறது. அந்தப் பாலத்தின் தடை 2,400 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் சென்சாரைச் சுற்றிக்கொண்டு வரும். இப்போது யூனிட்டுக்கு 7 இருக்க வேண்டிய இடத்தில் 12, 14 இருக்க வேண்டிய இடத்தில் 19. இரண்டுமே ‘உயர்வு’ என்றே தெரிவதால் சக்கரம் நின்றுவிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். கடலோர ஊர்க் கார்களில் இதை அதிகம் பார்க்கலாம். கனெக்டரைத் திறந்து பச்சைத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். வயரின் உறையைச் சற்று உரித்தால் செம்பு கறுத்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஈரம் செம்பு இழைகளின் வழியே ஊறிக்கொண்டு வெகுதூரம் போகும். கறுத்த வயரைச் சுத்தம் செய்து பயனில்லை, பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிவிட்டுத்தான் புது வயர் சேர்க்க வேண்டும்.

இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கின்றன. நேராக விட்டால் என்ன கெட்டுவிடும்?

காயில் வகையில் நிறையக் கெடும். மெதுவாகப் போகும்போது அதன் சிக்னல் மில்லி வோல்ட் கணக்கில்தான் இருக்கும். பக்கத்தில் ஆல்டர்னேட்டர் வயரோ இக்னிஷன் வயரோ ஓடினால் அதன் இரைச்சல் உள்ளே ஏறிவிடும். முறுக்கியிருந்தால் இரைச்சல் இரண்டு வயரிலும் சமமாக ஏறும். யூனிட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அது அடிபட்டுப் போகும். இடையில் வயர் சேர்க்கும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு என்று பழையபடி முறுக்கிவிடுங்கள்.

மேலே ஷீல்டு உறை இருந்தால் அதற்கு எர்த் யூனிட் பக்கத்தில் மட்டும். சக்கரத்தின் பக்கத்திலும் கொடுத்தால் பாடியின் மின்னோட்டம் ஷீல்டு வழியாக ஓடத் தொடங்கும். இரைச்சலைத் தடுக்க வேண்டியதே இரைச்சலைச் சுமந்து வரும்.

நான்கு சக்கரங்களும் பழுது என்று ஸ்கேனர் காட்டுகிறது. நான்கு சென்சாரும் ஒரே நாளில் போகுமா?

போகாது. சி0035, சி0040, சி0045, சி0050 என்று நான்கு சக்கரங்களின் பழுதுக் குறியீடுகளும் (கோடு) ஒன்றாக வந்தால் சக்கரங்களை விட்டுவிட்டு யூனிட்டுக்குப் போங்கள். இங்கேதான் உண்மையான எர்த் பிரச்சினை இருக்கும்: யூனிட்டின் எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் துருவோ, பெயின்ட் படலமோ.

ஓம்ஸ் அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஓர் இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் நல்ல எர்த் என்றுதான் காட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதை யூனிட் கனெக்டரின் எர்த் பின்னில் பின்புறமாகவும் வைத்து, ஸ்கேனரால் பம்ப் மோட்டாரை ஓடவிட்டு டிசி வோல்ட் பாருங்கள். சாதாரணமாக 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது சற்று ஏறினால் பரவாயில்லை, ஒரு வோல்ட்டை நெருங்கினால் எர்த் சரியில்லை. அது சரியாக இருந்தால், ஏதாவது ஒரு சக்கரத்தின் சப்ளை வயர் ஷார்ட் ஆகி மற்றவற்றையும் இழுத்து வீழ்த்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

பேரிங் மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை. வயர் சரி, 12 வோல்ட்டும் வருகிறது. சென்சாரும் புதிது.

பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். காந்த வளையம் ஒரு பக்கத்து சீலில் மட்டும் இருக்கும். அது சென்சாரைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் தவறுவது எளிது. மெல்லிய காகிதத்தை மேலே வைத்து நுண்ணிய இரும்புத் தூளைத் தூவினால், வளையம் உள்ள பக்கத்தில் தூள் கோடு கோடாக நிற்கும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் வளையம் விரிசல் விடும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு தவறும். இதற்கும் வயரிங்குக்கும் சம்பந்தமில்லை.

மூன்று வயர் சென்சார் ஒன்று வாங்கியிருக்கிறேன், டேட்டா லாகரில் வேகம் பதிவு செய்ய. சப்ளை, எர்த் கொடுத்தும் வெளியே ஒன்றும் வரவில்லை.

மூன்று வயர் ஹால் சென்சார்களில் பெரும்பாலானவை தாமாக வோல்ட்டை வெளியே தருவதில்லை. பல் எதிரே வரும்போது சிக்னல் வயரை எர்த்துக்கு இழுக்கும், போனதும் விட்டுவிடும்; அவ்வளவுதான். விட்டபோது மேலே தூக்க ஒரு புல்-அப் தடை வேண்டும். லாகரின் 5 வோல்ட்டிலிருந்து சிக்னல் வயருக்கு 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். சென்சாருக்கு 12 வோல்ட் சப்ளை கொடுத்தாலும் புல்-அப் 5 வோல்ட்டில் இருக்கலாம். 12-இல் கட்டினால் லாகரின் உள்ளீடு வீணாகும்.

இந்த வகையில் எர்த் என்பது உண்மையிலேயே எர்த். ஆனால் இன்ஜின் போல்ட் அல்ல, லாகரின் சென்சார் எர்த் பின். ஐந்தாவது கேள்வியில் சொன்ன பாடி மின்னழுத்த வேறுபாடு இங்கேயும் பொய்த் துடிப்புகளாக வந்து நிற்கும்.

தனி சென்சார் எதற்கு? காரில் இருக்கும் ஏபிஎஸ் சென்சார் வயரிலேயே ஒரு கிளை எடுத்தால் ஆகாதா?

என் பரிந்துரை, வேண்டாம் என்பதே. நான்கு சக்கரங்களின் வேகமும் பல கார்களில் கேன் இணைப்பில் (காரின் யூனிட்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் வயர்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. லாகருக்குக் கேன் தெரிந்தால் அங்கிருந்து எடுங்கள். பிரேக்கை நம்பி ஓடும் சுற்றில் கை வைக்க வேண்டியதில்லை.

பந்தயத் தளத்துக்கான கார், வேறு வழியே இல்லை என்றால், திரும்பும் வயரில் 0.7, 1.4 வோல்ட் ஏற்ற இறக்கம் இருக்கும் யூனிட்டாக இருக்க வேண்டும். ஒரு கம்பாரேட்டர் (மின்னழுத்தம் ஓர் அளவுக்கு மேலா கீழா என்று சொல்லும் சில்லு) வைத்து 1 வோல்ட்டில் பிரிக்கலாம். அதன் உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம் போல உயர்ந்ததாக இருக்கட்டும். அது மிகக் குறைந்துவிட்டால் மின்னோட்டத்தின் ஒரு பங்கு அதன் வழியே போய், நீங்களே அளவைக் கெடுக்கிறீர்கள். வரும் துடிப்பு சரியா என்று பார்க்க: 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். காந்த வளையத்தில் 48 ஜோடி துருவங்கள் என்றால் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 680 துடிப்புகள் வர வேண்டும். பாதி வந்தால் ஏதோ விடுபடுகிறது, இரண்டு மடங்கு வந்தால் இரண்டு விளிம்பையும் எண்ணுகிறீர்கள்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தபடியே ஊருக்குப் போய் வந்துவிடலாமா?

மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது; ஈரச் சாலையில் நிதானமாகப் போகலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் போகாதீர்கள். முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம், எண்ணெய் குறைந்துமிருக்கலாம்.

வேறு மாடலின் சென்சார் விலை பாதி. கனெக்டரும் அதே, துளையும் அதே. போட்டேன், வோல்ட் எல்லாம் சரி, ஆனாலும் பழுதுக் கோடு போகவில்லை. ஏன்?

கனெக்டர் பொருந்துவதால் மொழி பொருந்திவிடாது. காயில் சென்சாரை ஆக்டிவ் யூனிட்டில் போட்டால் அது 7, 14 என்று இழுக்காது. ஆக்டிவிலேயே பல சாதிகள் உண்டு. சாதாரணமானது இரண்டு நிலைகளில் மட்டும் பேசும். சக்கரம் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று சொல்லும் சென்சார்களில் சில, துடிப்பின் அகலத்தை மாற்றி அதைத் தெரிவிக்கும். சிலவற்றில் மூன்று நிலைகள்: வேகத் துடிப்பு 28 மில்லி ஆம்பியர், அதைத் தொடர்ந்து 7, 14-இல் எழுதிய சிறு தகவல் வரிசை. அந்த யூனிட்டில் இரண்டு நிலைச் சென்சாரைப் போட்டால் அது 28-க்காகக் காத்துக்கொண்டே இருக்கும். 100 ஓம் சோதனையிலும் இந்த வித்தியாசம் தெரியும்: மூன்று நிலைச் சென்சாரில் துடிப்பின்போது 2.8 வோல்ட் வரை ஏறும், ஆனால் அது மிகக் குறுகிய துடிப்பு என்பதால் மீட்டரில் சிக்காது, ஸ்கோப்தான் வேண்டும். ஸ்கோப் இல்லாதவர்கள் பழைய சென்சாரின் உடலில் அச்சிட்ட பாக எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள்.